வெள்ளி நாக்கும் 50 காசுக் கூலியும்

ஒருவர் வாய் திறந்த அரை நிமிடத்திற்குள் அவர் எந்த ஊர்க்காரர், எப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர் என்று மனத்திற்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். தேக்காவில் ஒரு சுற்று நடந்தால் தஞ்சாவூர்த் தமிழ், மதுரைத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், நம் உள்ளூர்த் தமிழ் எல்லாம் காதில் விழும். எங்கள் பல்கலைக்கழக வகுப்புகளில் ஆங்கிலத்தை வைத்து இந்தக் கணக்கு நடக்கிறது. நண்பர்களிடம் ‘லா’ போட்டுப் பேசும் நாங்கள், வகுப்பில் படைப்பு என்று வந்துவிட்டால் குரலையே மாற்றிக்கொள்கிறோம். லண்டன் செய்தி வாசிப்பாளர் போல் பேசுபவரைக் கெட்டிக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அலட்டுகிறார் என்று சிரிப்பவர்களும் உண்டு.

நல்ல உச்சரிப்பு ஒருவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுத் திறனுக்காகவே உலகம் சுற்றிப் புகழ் பெற்ற தமிழர் அவர்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22ஆம் தேதி ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாக அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு இரண்டும் கும்பகோணத்தில்தான். பிறகு சேலத்தில் ஆசிரியராகவும், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்தார். அவர் முதன்முதலில் இங்கிலாந்து மண்ணை மிதித்தது 1919ல், 50 வயதை நெருங்கிய பிறகு. அவருடைய ஆங்கிலம் காவிரிக் கரையிலேயே விளைந்தது.

மாணவராக இருந்தபோதே ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரின் உச்சரிப்பைத் திருத்தினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, அதன் மொழிநடையைச் செப்பம் செய்து கொடுத்தவர் சாஸ்திரி. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் 1907ல் சேர்ந்த அவர், கோகலே 1915ல் மறைந்ததும் அதன் தலைவரானார். 1921ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சில் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

இந்தப் புகழின் எடையை உணர, அன்றைய பிரிட்டனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே எல்லாருடைய ஆங்கிலத்துக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. மொழியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, பெரிய தனியார் விடுதிப் பள்ளிகளில் படித்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சையே அடிப்படையாகக் கொண்டது. 1922ல் தொடங்கிய பிபிசி வானொலியும் ஏறக்குறைய அந்தப் பேச்சையே ஒலிபரப்பியது. கிழக்கு லண்டனின் காக்னி பேச்சும், யார்க்‌ஷியர், லிவர்பூல், பர்மிங்ஹம் பேச்சுகளும் படிக்காதவர்களின் பேச்சாகக் கருதப்பட்டன. போர்க்காலமான 1941ல், யார்க்‌ஷியரைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் தேசியச் செய்திகளைத் தம் ஊர்ப் பேச்சின் சாயலோடு வாசித்தபோது நேயர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1970களிலிருந்து அங்கு நடத்தப்பட்டுள்ள ஆய்வுகளிலும் பர்மிங்ஹம் பேச்சு பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

வலங்கைமான்காரரின் ஆங்கிலத்தைக் கேட்டு வியந்த சமூகம், தன் சொந்த யார்க்‌ஷியர்க்காரரின் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளித்தது. ஆகவே, அந்த வியப்பைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இந்தியர் ஒருவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த வியப்பை வைத்து சாஸ்திரி என்ன சாதித்தார் என்பதுதான் முக்கியம். 1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கு குடியேறிய இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டார். ஆஸ்திரேலியா 1925ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வாக்குரிமை தந்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா அசையவில்லை. அங்குள்ள இந்தியர்கள் வாக்குரிமைக்காக 1947 வரை காத்திருந்தார்கள். 1923ல் கென்ய இந்தியர்களுக்காக லண்டனில் வாதாடியதும் பலிக்கவில்லை. வளமான மேட்டுநிலங்கள் வெள்ளையர்களுக்கே என்று முடிவானது.

1927ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். அவருடைய முயற்சியால் டர்பன் நகரில் இந்திய மாணவர்களுக்காக எழுந்த சாஸ்திரி கல்லூரி, பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தது. ஆனால், கிளர்க்ஸ்டோர்ப் என்ற ஊரில் 1928ல் அவர் பேசிய கூட்டத்திலேயே வெள்ளையர் கும்பல் ஒன்று புகுந்து கலவரம் செய்தது. பேச்சின் அழகெல்லாம் அந்தக் கும்பலின் காதில் ஏறவில்லை.

நம் வட்டாரத்துக்கும் அவர் வந்தார். 1936 டிசம்பரில், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அவரை மலாயாவுக்கு அனுப்பியது. சிங்கப்பூரும் அன்று பிரிட்டிஷ் மலாயாவின் ஒரு பகுதிதான். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களுக்கு, பொருளியல் மந்தத்தில் வெட்டப்பட்ட கூலி இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஆண்களுக்கு நாளுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்ற பழைய கூலியை மீண்டும் தர வேண்டும் என்று சாஸ்திரி பரிந்துரைத்தார். 1937ல் வெளியான அவருடைய அறிக்கை மலாயா இந்தியத் தலைவர்கள் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. தோட்ட நிர்வாகங்களை அது மென்மையாக நடத்திவிட்டது என்பது அவர்களின் குறை. 1938ல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டதும், இந்திய அரசு அந்த ஆண்டு ஜூன் மாதம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது.

இங்கேதான் என் மனம் இரண்டாகப் பிரிகிறது. பால் வெட்டுத் தொழிலாளி தன் ஊர்த் தமிழில் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அது அதிகாரிகளின் மேசையை எட்டாது. சாஸ்திரியின் ஆங்கிலம் எட்டியது. அந்த வகையில் அவருடைய உச்சரிப்பும் சொல்வளமும் பெரிய கருவிகள். அவற்றை அவர் சொந்த வாழ்வுக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. அதே சமயம், இனிமையாகப் பேசி இணங்கவைக்கலாம் என்று அவர் வைத்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது. வெள்ளி நாக்கு கதவைத் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் எதைத் தருவது, எதை மறுப்பது என்பதைத் தங்கள் லாபத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சாஸ்திரி, 1946 ஏப்ரல் 17ஆம் தேதி மறைந்தார். அடுத்த ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் நடக்கிறது. தெளிவாகப் பேசக் கற்பதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். கேட்பவருக்குப் புரியும்படி பேசுவது ஒரு மரியாதை. வேலை நேர்முகத் தேர்வில் அது உதவும் என்பதும் உண்மை. ஆனால், தெளிவு வேறு, லண்டன் சாயல் வேறு. உள்ளூர்ச் சாயலோடும் தெளிவாகப் பேசலாம். லண்டன் சாயலோடும் ஒன்றுமில்லாததைப் பேசலாம்.

அடுத்த முறை குழு வேலையில் ஒருவர் பேசத் தொடங்கும்போது, அவர் குரலுக்கு நாம் எத்தனை மதிப்பெண் போட்டோம், கருத்துக்கு எத்தனை போட்டோம் என்று கவனித்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மாணவர் பேசும்போதும், அக்கம்பக்கப் பள்ளியில் படித்த நண்பர் பேசும்போதும் அதே கணக்கைச் சரிபாருங்கள். சாஸ்திரியைப் போல் பேச வராதவர்களிடமும், கூலியை உயர்த்தச் சொல்ல நியாயமான காரணம் இருக்கும்.