எண்ணெய் வார்த்த மேதை எலைஜா மெக்காய்

பெரியோர்களின் வாழ்க்கை வரலாறு நமக்கு ஒரு கைவிளக்கு. அரசர்கள், அறிஞர்கள், கவிஞர்கள் ஆகியோரின் வரலாறுகள் நம் கல்லூரி நூலகத்தில் நிரம்ப உள்ளன. நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டவரோ, இரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். பட்டம் பெற்றும் படிப்புக்கேற்ற வேலை கிட்டாத நண்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களை எண்ணியே இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

எலைஜா மெக்காய் 1844ஆம் ஆண்டு கனடாவின் கோல்செஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். உயிரைப் பணயம் வைத்துத் தப்பி, கனடா மண்ணை அடைந்தவர்கள். மகனுக்கு இயந்திரங்களின்மேல் இருந்த ஆர்வத்தைக் கண்டு, 15ஆம் வயதில் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பினர். அங்கு அவர் இயந்திரப் பொறியியல் பயின்று தேர்ந்தார்.

படிப்பை முடித்துத் திரும்பியபோது குடும்பம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குடியேறியிருந்தது. அடிமை முறை ஒழிந்துவிட்டாலும் நிறவெறி ஒழியவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறியாளராக ஏற்க எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது, கொதிகலனுக்குக் கரி போடுவதும் எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதுமான வேலைதான். எடின்பரோவில் கற்ற கல்வி கரித்தூளில் புதைந்துவிட்டது என்று எவரும் எண்ணியிருப்பர்.

அவர் அந்த எண்ணெய்க் குவளையையே தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். அன்றைய எஞ்சின்களை ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது நிறுத்தி, உராயும் பகுதிகளுக்குக் கையால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. நின்றால் நேரம் வீண். நிற்காவிட்டால் உலோகம் தேயும். சிலிண்டருக்குள் எண்ணெய் செலுத்துவது இன்னும் கடினம். உள்ளே நீராவி அழுத்தத்துடன் நிறைந்திருக்கையில் வெளியிலுள்ள எண்ணெய் தானாக இறங்குமா? மெக்காய் அந்த அழுத்தத்தையே வேலையாள் ஆக்கினார். எண்ணெய்க் கிண்ணத்தின் வால்வை எஞ்சினின் நீராவியே இயக்கும்படி அமைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவாக இறங்கியது. இதற்கு 1872 ஜூலை 23 அன்று காப்புரிமை பெற்றார்.

தானே எண்ணெய் விடும் கருவியை முதன்முதலில் நினைத்தவர் இவர் அல்லர். இங்கிலாந்தில் ராம்ஸ்பாட்டம் போன்றோர் 1860களிலேயே முயன்றிருந்தனர். ஆனால் ஒரே சிக்கலை வாழ்நாள் முழுதும் விடாமல் பற்றித் திருத்தித் திருத்திச் செப்பனிட்டதில் இவருக்கு இணை சிலரே. மொத்தம் 57 காப்புரிமைகள் பெற்றார். பெரும்பாலானவை மசகெண்ணெய் பற்றியவை. துணி தேய்க்கும் மேசை, புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவி ஆகியவையும் அவற்றுள் உண்டு. அதிவெப்ப நீராவியில் சாதாரண எண்ணெய் கருகியபோது, எண்ணெயுடன் கிராபைட்டைக் கலந்து ஊட்டும் கருவிக்கு 1915இல் உரிமை பெற்றார். அப்போது அவர் எழுபதைக் கடந்தவர்!

இரயில் எஞ்சினோடு முடிந்த கதையா இது? இயற்பியல் மாணவனாகிய எனக்கு மோட்டார் பந்தயக் கார் நினைவுக்கு வருகிறது. எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்துதான் பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது. கார் வேகமாக வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஏறிக்கொள்கிறது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் எண்ணெய்ப் பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். குழாயின் வாய் காற்றை உறிஞ்சும். பேரிங்குக்கும் சுழலும் தண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். அந்தப் படலம் எத்துணை அழுத்தத்தைத் தாங்குகிறது என்பதை பியூச்சம்ப் டவர் 1883இல் சோதனையால் காட்டினார். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் கணிதத்தால் விளக்கினார். படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசிச் சில நொடிகளிலேயே எஞ்சின் பாழாகலாம்.

பணம் படைத்தோர் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் கூடுதல் பம்புகளும் கொண்ட டிரை சம்ப் அமைப்பை வாங்குவர். பணம் குறைந்தோர் என் செய்வது? சம்பினுள் தகட்டுத் தடுப்புகளைப் பற்றவைத்து, உட்புறமாக மட்டுமே திறக்கும் சிறு கதவுகளை அவற்றில் பொருத்துகிறார்கள். எண்ணெய் குழாயை நோக்கி வரலாம். விலகி ஓட முடியாது. உறிஞ்சும் வாயைத் தொட்டியின் அடிக்கு நெருக்கமாக, ஆனால் அடைபடாத இடைவெளி விட்டு அமைக்கிறார்கள். இயந்திரத்தின் இயக்கத்தையே அதன் காவலாக்கும் இந்தச் சிக்கன வழியில் மெக்காயின் மூளையைக் காண்கிறேன். வளைவில் எண்ணெயைத் தள்ளும் விசையே கதவையும் மூடிவிடுகிறதன்றோ!

இத்தனை செய்தவர் செல்வந்தராகவில்லை. முதல் இல்லாமையால் பல உரிமைகளைப் பிறருக்கு விற்றார். தம் பெயரால் ஒரு தொழிற்சாலை தொடங்க 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. 1922இல் நேர்ந்த கார் விபத்து அவருடைய மனைவி மேரியின் உயிரைப் பறித்தது, அவரும் காயமுற்றார். அதன்பின் உடல் தேறவில்லை. 1929 அக்டோபர் 10 அன்று மிச்சிகனில் ஒரு மருத்துவ விடுதியில் மறைந்தார்.

அசல் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் இவர் பெயரால் ஒரு வழக்கு எழுந்தது என்பர். ஆனால் அதையொத்த ஸ்காட்லாந்து வழக்கு 1856லேயே அச்சில் உள்ளது. அந்தக் கதை இல்லாமலே அவர் புகழ் நிற்கும். 2001இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012இல் டெட்ராய்ட் நகரில் திறக்கப்பட்ட காப்புரிமை அலுவலகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

தகுதிக்குக் குறைந்த வேலையை ஒருவருக்குத் தருவது சமுதாயத்தின் குற்றம். மெக்காயின் வெற்றி அக்குற்றத்தை நியாயப்படுத்தாது. ஆனால் அந்த வேலையிலும் கற்ற கல்வி கண்விழித்திருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும், நண்பர்களே, படித்ததைப் பூட்டி வைக்காதீர்கள். நம் கையில் இன்று கிடைத்திருப்பது எண்ணெய்க் குவளையே ஆனாலும், அது எங்கே, எதற்காக, எப்படிச் சொட்டுகிறது என்று கூர்ந்து பார்ப்போம்.