இரும்புப் பட்டையை கழற்றிய வில்மா!

குட்டீஸ்... உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள்? அமெரிக்கா, டென்னசி மாநிலத்தில், 1940ல் பிறந்த வில்மா ருடால்ப் வீட்டில், 22 பேர்; இவர், 20வது!

போலியோவால், இடது காலில் இரும்புப் பட்டை. கறுப்பின மக்களுக்கான மருத்துவமனை, 80 கி.மீ., தொலைவில் இருந்தது. வாரந்தோறும் பஸ்சில் அழைத்துச் சென்றார், அம்மா; வீட்டில், அண்ணன், அக்காக்கள் மாறி மாறி காலை நீவி விட்டனர்.

நடந்தார், ஓடினார். சிறிய பல்கலைக்கழகமான டென்னசி ஸ்டேட் பயிற்சியாளர் எட் டெம்பிள், பள்ளி மாணவியான இவரை, கோடைப் பயிற்சிக்கு அழைத்தார். போட்டிகளுக்கு, தன் காரிலேயே அழைத்துப் போவாராம்!

ரோம் ஒலிம்பிக், 1960ல், 100 மீ., 200 மீ., இரண்டிலும் வில்மாவுக்கு தங்கம். தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வருமே, டெம்பிளிடம் பயின்றவர்கள். கடைசியாக ஓடிய வில்மா, குச்சியை வாங்கும்போது தடுமாறினார். ஆனாலும், மூன்றாவது தங்கம்!

சொந்த ஊர் கிளார்க்ஸ்வில்லில் வரவேற்பு. வெள்ளையரையும், கறுப்பரையும் பிரித்து அமர வைத்தால் வர மாட்டேன் என்றார். அந்த ஊரில், இரு தரப்பாரும் சேர்ந்து கூடிய முதல் விழா அது தான்!