மன்னரையே சிறைபிடித்த மாவீரர்!

குழந்தைகளே... நாட்டை ஆளும் மன்னரையே போரில் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே நாடாளுமன்றத்தைக் கூட்டிய ஒரு வீரரைத் தெரியுமா? அவர்தான் சைமன் டி மான்ட்ஃபோர்ட்.

பிரான்ஸ் நாட்டில், 1208ம் ஆண்டு வாக்கில் பிறந்தார் சைமன். இளைய மகன் என்பதால் அவருக்குப் பெரிய சொத்து கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் உள்ள லெஸ்டர் பகுதி தன் குடும்பத்துக்கு உரியது என்று கூறி, அங்கு சென்றார். மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு அவரைப் பிடித்துவிட்டது. நிலங்களைக் கொடுத்தார். 1238ல், தன் தங்கை எலினாரையும் மணம் முடித்து வைத்தார்.

உறவு நீடிக்கவில்லை. மன்னரைக் கேட்காமலேயே, தன் கடனுக்கு அவரை ஜாமீனாகக் காட்டினார் சைமன். மன்னருக்குக் கடும் கோபம்!

மன்னரும் செலவாளிதான். தன் இளைய மகனை சிசிலி தீவின் அரசனாக்க, போப்பாண்டவருக்குப் பெரும் பணம் தருவதாக வாக்களித்தார். அந்தச் சுமை நாட்டின் தலையில் விழுந்தது. 1258ல் பிரபுக்கள் ஒன்று சேர்ந்தனர். 15 பேர் கொண்ட குழுவின் ஆலோசனைப்படியே மன்னர் ஆள வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று விதித்தனர். சத்தியம் செய்த மன்னர், பின்னர் அதை மீறினார்.

போர் மூண்டது. 1264 மே 14ல், லூயிஸ் என்ற ஊரில், சிறிய படையுடன் வென்றார் சைமன். மன்னரும், இளவரசர் எட்வர்டும் பிடிபட்டனர்.

1265 ஜனவரியில் நாடாளுமன்றம் கூடியது. பிரபுக்களோடு, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இரண்டு வீரர்கள், முக்கிய நகரங்களிலிருந்து இரண்டிரண்டு பேர் அழைக்கப்பட்டனர். நாட்டு நடப்பைப் பேச நகரத்து மக்களை அழைத்தது பெரும் புதுமை!

சைமனிடம் குறைகளும் இருந்தன. லெஸ்டரில் வாழ்ந்த யூதர்களை விரட்டினார். அவரது ஆதரவாளர்கள், லண்டனில் யூதர்களைக் கொன்றனர். தன் மகன்களுக்கே சலுகைகள் கொடுத்ததால், நண்பர்கள் சிலர் விலகினர்.

காவலிலிருந்து தப்பினார் எட்வர்ட். சைமனுடைய மகனின் படையைத் தோற்கடித்து, அதன் கொடிகளைக் கைப்பற்றினார். 1265 ஆகஸ்ட் 4ல், ஈவ்ஷாம் அருகே அந்தக் கொடிகளோடு வந்தார். மகன்தான் உதவிக்கு வருகிறான் என்று நம்பி ஏமாந்தார் சைமன். அன்றே போரில் கொல்லப்பட்டார்.

பின்னர் மன்னரான எட்வர்ட் என்ன செய்தார் தெரியுமா? போர்ச் செலவுக்கு வரி தேவைப்பட்டபோது, 1295ல், மாவட்டங்களின் சார்பிலும், நகரங்களின் சார்பிலும் பேச ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அழைத்தார். ஆம்... எதிரி காட்டிய அதே வழிதான்!