பவர் ஸ்டீயரிங்கை உருவாக்கியவர்... ஷோரூமில் பார்க்க 25 வருஷம் காத்திருந்தார்! யார் இந்த ஃபிரான்சிஸ் டேவிஸ்?

ஆஃப்-ரோடு வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. 37 இன்ச் டயர் மாட்டிய ஒரு ஜீப், இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும். டிரைவர் ஸ்டீயரிங்கை முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். பவர் ஸ்டீயரிங் பம்ப் முனகுமே தவிர, டயர் அசையாது. அதே ஜீப்பின் முன் ஆக்ஸிலுக்கும் டை ராடுக்கும் நடுவே சின்னதாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரை மாட்டிவிட்டால், ஒற்றைக் கையிலேயே டயர் திரும்பும். இதைத்தான் 'ஹைட்ராலிக் அசிஸ்ட்' என்கிறார்கள்.

இன்று கிட் ஆகவே கிடைக்கும் இந்தச் சமாசாரத்துக்கு விதை போட்டவர் ஃபிரான்சிஸ் டபிள்யூ. டேவிஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர். அவர் வேலையை முடித்தது 1926-ல். ஒரு சாதாரண ஆள் ஷோரூமுக்குப் போய் அப்படி ஒரு காரை வாங்க முடிந்தது 1951-ல்தான். நடுவில் என்ன நடந்தது?

லாரியில் தொடங்கிய கதை

1887-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர் டேவிஸ். ஹார்வர்டில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, பஃபலோ நகரத்தில் இருந்த பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பணக்காரர்களின் கார் என்றால் பியர்ஸ்-ஆரோதான். ஆனால் டேவிஸுக்குக் கிடைத்தது லாரி பிரிவு. அங்கே சீஃப் இன்ஜினீயர் வரை உயர்ந்தார்.

லாரிப் பக்கம் போனது நல்லதாகப் போயிற்று. 5 டன் சரக்கை ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் போகும் லாரியைத் திருப்புவது செம கஷ்டம். முழு உடம்பையும் போட்டு இழுக்க வேண்டும். அதைவிட மோசம், பள்ளத்தில் சக்கரம் விழும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் சுழல்வது. உள்ளே கட்டைவிரல் மாட்டினால் உடைந்தே போகும். பழைய ஜீப் ஓட்டுபவர்கள் இப்போதும் கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு வெளியே வைத்துப் பிடிப்பது இதனால்தான்.

இதற்குத் தீர்வு தேடிய முதல் ஆள் டேவிஸ் இல்லை. 1900-லேயே பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ட்வைஃபோர்ட் என்பவர், நான்கு சக்கர டிரைவ் வண்டிக்கான தன் காப்புரிமையில் மெக்கானிக்கலாக இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைச் சேர்த்திருந்தார். அது ஓடிப் பிடிக்கவில்லை.

1922-ல் டேவிஸ் வேலையை விட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் சின்னதாக ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்தார். துணைக்கு ஜார்ஜ் ஜெஸ்அப் என்ற கைதேர்ந்த டூல்மேக்கர். அவ்வளவுதான் டீம்!

அப்படி என்னதான் செய்தார்?

ஆயிலின் அழுத்தத்தை வைத்துப் பெரிய எடையை நகர்த்துவது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொழிற்சாலை பிரஸ்கள் அப்படித்தான் ஓடின. பிரச்னை, அழுத்தத்தை எப்போதும் தயாராக வைத்திருப்பதில் இருந்தது. ஓடும் வண்டியில் 24 மணி நேரமும் பிரஷரில் இருக்கும் ஆயில் ஏதாவது ஒரு இணைப்பு வழியாகக் கசியும். இன்ஜின் சக்தியும் சும்மா வீணாகும்.

டேவிஸ் இதைத் தலைகீழாக யோசித்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள். முனை திறந்திருக்கும்வரை தண்ணீர் சாதாரணமாக ஓடும். முனையில் விரலை வைத்து அடைத்தால்தான் அழுத்தம் ஏறி பீய்ச்சி அடிக்கும். அவருடைய வால்வும் அப்படித்தான். நேராகப் போகும்போது வால்வு திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் ஆயில் சும்மா சுற்றி டேங்குக்கே திரும்பிவிடும். டிரைவர் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால், வால்வு ஒரு பக்கத்தை அடைக்கும். அந்த நொடியில் பிரஷர் ஏறி பிஸ்டனைத் தள்ளும். ஸ்டீயரிங்கை விட்டதும் மறுபடி பழைய நிலை. 'ஓப்பன் சென்டர்' வால்வு என்று இதற்குப் பெயர். பம்ப் நின்றே போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். கை வலிக்கும், ஆனால் வண்டி திரும்பும்.

இதை ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி, டெட்ராய்ட்காரர்களுக்கு ஓட்டிக் காட்டினார். அசந்துபோனார்கள். 1926-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. கேடிலாக் காரில் கொண்டுவருவதாகத் திட்டம்.

அதன்பிறகு வந்தது 1929 பங்குச்சந்தை சரிவும் பெரும் பொருளாதார மந்தமும். கார் வாங்கவே ஆள் இல்லாதபோது, கூடுதல் விலைக்கு ஸ்டீயரிங் வசதியை யார் கேட்பார்கள்? டேவிஸின் காப்புரிமை 1931-ல் பதிவாகிவிட்டது. ஆனால் 1934-ல், இதைத் தயாரிக்கச் செலவு அதிகம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. அமெரிக்காவில் அப்போது காப்புரிமையின் ஆயுள் 17 வருஷம். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

1936-ல் பெண்டிக்ஸ் கம்பெனியோடு கைகோத்தார். 1939 வரை அவருடைய அமைப்பு பொருத்தப்பட்ட வண்டிகள் மொத்தம் எத்தனை தெரியுமா? பத்து. அதில் இரண்டு, பியூக் கம்பெனி சோதனைக்காக வாங்கியவை.

போர் வந்தது, ஆர்டர் வந்தது

ஸ்டீயரிங் இலகுவாக இருப்பது காரில் ஒரு சொகுசு. 14 டன் கவச வண்டியில் அது உயிர்ப் பிரச்னை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக செவ்ரலே தயாரித்த கவச வண்டிகளில் டேவிஸின் பவர் ஸ்டீயரிங் ஏறியது. 'ஸ்டேக்ஹவுண்ட்' என்ற நான்கு சக்கர டிரைவ் கவச வண்டி ஹைட்ராலிக் உதவியோடு திரும்பியது. குண்டுக் குழிகளிலும் சேற்றிலும் மணிக்கணக்கில் ஓட்டும் சிப்பாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லவே வேண்டாம். போர் முடியும்போது 10,000-க்கும் மேற்பட்ட வண்டிகளில் டேவிஸ்-பெண்டிக்ஸ் ஸ்டீயரிங் இருந்தது. ஆக, இந்தத் தொழில்நுட்பம் நகரத்து கார்களுக்கு முன்பே கரடுமுரடான பாதையில் தேறிவிட்டது.

சரி, பொதுமக்களின் காரில் எப்போது வந்தது? 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில், 'ஹைட்ராகைடு' என்ற பெயரில். இங்கேதான் ட்விஸ்ட். 1931-ல் கிடைத்த காப்புரிமை 1948-லேயே முடிந்துவிட்டது. காலாவதியான அவருடைய காப்புரிமைகளைத்தான் கிரைஸ்லர் பயன்படுத்திக்கொண்டது. சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் ஒரு மனிதரின் 25 வருஷ உழைப்பு என்று பார்த்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

போட்டிக் கம்பெனி முந்தியதும் ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டது. தன் அலமாரியில் கிடந்த டேவிஸின் பழைய வேலையைத் தூசி தட்டி, 1952 கேடிலாக்கில் கொண்டுவந்தது. 1956-க்குள் அமெரிக்க சாலைகளில் நான்கில் ஒரு காரில் பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது.

இன்று பெரும்பாலான புது கார்களில் ஆயிலுக்குப் பதில் எலெக்ட்ரிக் மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய டயர் ஆஃப்-ரோடர்கள் மட்டும் ஹைட்ராலிக்கை விடவில்லை. ஸ்டீயரிங் பாக்ஸில் இரண்டு துளை போட்டு, அங்கிருந்து இரண்டு ஹோஸ்களை அந்தச் சிலிண்டருக்கு இழுக்கிறார்கள். பெரிய பம்ப்பும், ஆயில் சூடாகாமல் இருக்க ஒரு கூலரும் கூடவே வரும். மாட்டி முடித்ததும் முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். சிலிண்டரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்வது, பாக்ஸுக்குள் இருக்கும் ஓப்பன் சென்டர் வால்வுதான்.

டேவிஸ் 1978-ல், 90 வயதில் காலமானார்.