நாற்பத்தெட்டு வயதில் ஒரு தொடக்கம்

கலை பயிலத் தொடங்குவதற்கு இளமையே ஏற்ற பருவம் என்பது பலர் கருத்து. அக்கருத்தைத் தம் வாழ்வாற் பொய்யாக்கியவர் யூலியா மார்கிறெற் கமரன் அம்மையார். 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், 1838 இல் சாள்ஸ் ஹே கமரன் என்பாரை மணந்தார். இலங்கை வரலாறு கற்போர் நன்கறிந்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரே.

1860 இல் இக்குடும்பம் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைற் தீவிலே குடியேறியது. 1863 டிசெம்பரில், கணவர் இலங்கையிலுள்ள தம் தோட்டங்களைப் பார்க்கச் சென்றிருந்த வேளை, மகளும் மருமகனும் அம்மையாரின் தனிமை நீங்குமாறு படப்பெட்டி ஒன்றைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48.

கோழிக்கூடு கண்ணாடி மாடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே துலக்கிக் கழுவுதல் வேண்டும். அதற்குக் கிணற்றுநீர் குடங்குடமாக வேண்டும். நன்னீரின் அருமையறிந்த எங்கள் புங்குடுதீவார்க்கு அவ்வுழைப்பின் அளவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் எடுத்த முதற்படம் அவர் கைபட்டே அழிந்தது. பின்னர்ச் சிறுவர் இருவரை இருத்தி எடுக்க முயன்றபொழுது, ஒரு குழந்தையின் சிரிப்பால் அதுவும் கெட்டது. அம்மையார் தளர்ந்தாரல்லர். 1864 சனவரியில் ஆனி பில்பொற் என்னுஞ் சிறுமியின் உருவத்தை எடுத்து முடித்து, அதனையே தம் முதல் வெற்றியாகக் கொண்டு மகிழ்ந்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினருமானார்.

படங்கள் தெளிவற்றன என இத்துறை வல்லார் பலர் குறைகூறினர். அம்மையாரோ, காட்சி எந்நிலையில் அழகுறத் தோன்றிற்றோ அந்நிலையிலேயே வில்லையை நிறுத்தினார். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பேரறிஞரின் முகங்களை இன்றும் அவர் படங்களிலே உலகம் காண்கின்றது.

1875 இல் தம்பதியர் இலங்கை வந்தனர். 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் நலிந்துகொண்டிருந்த காலம் அது. களுத்துறையிலே ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அம்மையார் படமெடுத்தார். அவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. 1879 சனவரி 26 இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்த அவர், பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இங்கே ஒன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. இங்கிலாந்திலே அவர் எடுத்த சான்றோர் படங்களுக்குப் பெயருண்டு. இலங்கையில் எடுத்தவற்றுள் உள்ளோர்க்குப் பெரும்பாலும் பெயரில்லை. முகம் நின்றது, ஆள் யாரெனத் தெரியவில்லை. இன்று கைபேசியால் நொடியிற் படமெடுக்கும் மாணவர் இவ்வரலாற்றினின்று இரண்டு கொள்ளலாம். முதற்படம் கெட்டதென்று முயற்சியை விடற்க. நன்கமைந்த படத்தின்கீழ், அதிலுள்ளவர் பெயரை எழுத மறவற்க.