இரு மட்டை பிடித்த இளைஞர்: எம்.ஜே.கோபாலன்



டிப்ளமோ படிக்கிற நமக்கு டெண்டுல்கரைத் தெரியும், கவாஸ்கரைத் தெரியும். ஆனால் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய ஒரு தமிழரைத் தெரியுமா என்று நம் விடுதியில் கேட்டேன். பலரும் முழித்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எம்.ஜே.கோபாலன் 1909-ல் பிறந்தவர். செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கம்தான் பூர்வீகம், வளர்ந்தது திருவல்லிக்கேணி. அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டுபிடித்தவர் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் மாட்ச் நடக்கும். அதில் வேலை வாங்கித் தந்தவர் அந்தப் பக்கம், கோபாலன் இந்தப் பக்கம்! வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் நம்ம ஆள் ஒருத்தர் அவர்களுடைய விக்கெட்டைச் சாய்த்தால் கூட்டம் சும்மா இருக்குமா? திருவல்லிக்கேணிப் பையன்களுக்கு அவர்தான் ஹீரோ.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. அதன் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது!

1935-ல் தியான் சந்த் தலைமையில் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார். அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் இந்தியாவுக்கே வெற்றி.

அடுத்த ஆண்டுதான் சோதனை வந்தது. 1936-ல் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கும், கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும் புறப்பட்டன. இரண்டுக்கும் அவர் வேண்டும். போக முடிவது ஒன்றுக்குத்தான். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது என்ன தெரியுமா? மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடமே தரவில்லை. ஆகஸ்ட் 15-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் அணிக்கு வெளியே. அதே நாளில் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்து இந்தியா தங்கம் வென்றது. அந்தத் தங்கத்தில் அவருக்குப் பங்கில்லை. அதன் பிறகு டெஸ்டும் ஆடவில்லை. ஒன்றோடு சரி.

வேறொருவராக இருந்தால் நொந்துபோய் ஒதுங்கியிருப்பார். அவரோ சென்னை அணிக்குத் தொடர்ந்து ஆடினார், தலைமையும் ஏற்றார், பின்னாளில் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். வாய்ப்புக் கிடைக்காத வலியை அறிந்தவர் அடுத்தவர் வாய்ப்பை முடிவு செய்யும் இடத்துக்கு வந்தார்! அவர் பெயரிலேயே 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை தொடங்கியது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981-ல்தான். அதற்கு முந்தைய காலத்தில் அந்நாட்டு வீரர்களுக்குப் பெரிய பயிற்சிக்களம் இந்தக் கோப்பைதான். 2003-ல் சென்னையில் காலமானார்.

நண்பர்களே, மெக்கானிக்கலா சிவிலா, வேலையா மேல்படிப்பா என்று நாமும் ஒன்றை எடுத்து ஒன்றை விடுகிறோம். எடுத்தது கைகொடுக்காமலும் போகலாம். அதற்காக மைதானத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்பதே கோபாலன் வாழ்க்கையில் நான் கண்டது. சிறுமலைக் காற்று வீசும் நம் காந்திகிராமத்து மைதானத்தில் அடுத்த முறை பந்தைக் கையில் எடுக்கும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்!