ரத்தத் துளியைப் படிக்கக் கற்றுக்கொண்ட ரொனால்ட் ராஸ்

கல்வி உதவித்தொகைக்கு ஜமாஅத் கடிதம் வாங்க ஒரு தகப்பனார் தம் மகளுடன் வந்திருந்தார். பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டேன். நுண்ணுயிரியல், ரத்தம் சளி எல்லாம் சோதித்து நோயைக் கண்டுபிடிக்கிற படிப்பு என்று சொன்னவர், டாக்டருக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால்தான் இது என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் குனிந்த தலை மனதில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

மலேரியா இருக்கிறதா என்று பார்க்க, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி எடுத்த ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடித்த பூச்சாகத் தடவும் முறை ஒன்று உண்டு. நோய்க் கிருமிகளைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவரும் அதைச் செய்து பழகாமல் வெளியே வருவதில்லை. 1903இல் அந்த முறையை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ரொனால்ட் ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு பெற்றிருந்தார்.

விருப்பமில்லாமல் வந்த மருத்துவம்

ராஸ் பிறந்தது இமயமலை அடிவாரத்து அல்மோராவில், 1857 மே 13 அன்று. தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. எட்டு வயதில் மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். ஓவியம், கவிதை, இசை, கணிதம் என்று பையனின் மனம் எங்கெங்கோ ஓடியது. மருத்துவம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. தந்தையின் கட்டாயத்தால்தான் லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். படிப்பில் ஊக்கமில்லை. ஒரு தேர்வில் தோற்றார். கப்பலில் மருத்துவராகச் சில காலம் அலைந்தார். கடைசியாக 1881இல் தேறி, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

ஆக, வேண்டா வெறுப்பாக ஒரு படிப்பில் நுழைந்தவர்தான் இவரும். எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்பதை வைத்து ஒருவரின் முடிவை எழுதிவிட முடியாது.

1883இல் பெங்களூரில் இருந்தபோது, தம் பங்களாவில் கொசுத் தொல்லை அதிகமாக இருப்பதைக் கவனித்தார். ஜன்னலருகே இருந்த ஒரு தொட்டித் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்ததும் கொசு குறைந்தது. அப்போது அவருக்கு மலேரியா நினைவுக்கு வரவில்லை. கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்றுதான் உலகமே நம்பியிருந்தது. மலேரியா என்ற சொல்லின் பொருளே அதுதான்.

மறுத்தவர் மாணவரானார்

1880 நவம்பரில், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். ராஸ் அதை நம்பவில்லை. 1888, 89இல் லண்டனில் பாக்டீரியாவியல் படித்துத் திரும்பியிருந்தார். தாமே நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. எனவே அப்படி ஒன்று இல்லை, குடலில் உண்டாகும் நஞ்சுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று கட்டுரைகளும் எழுதினார்.

1894இல் விடுப்பில் லண்டன் சென்றபோது பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். கும்பகோணத்துக்காரர்களுக்கு நன்கு தெரிந்த யானைக்கால் நோயின் புழு, கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீனாவில் கண்டறிந்தவர் மேன்சன். அவர் ராஸை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்தார். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியைக் காட்டினார். எது அழுக்கு, எது சாயக்கறை, எது கிருமி என்று பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்.

நாற்பதை நெருங்கும் வயது. பத்தாண்டுக்கும் மேலான மருத்துவ அனுபவம். தாம் அச்சில் எழுதியது தவறு என்று தெரிந்ததும் ராஸ் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. இன்னொருவரின் பக்கத்தில் மாணவராக உட்கார்ந்தார். அவர் வாழ்வில் நான் பெரிதாக மதிக்கும் நாள் நோபல் பரிசு வாங்கிய நாளல்ல, இதுதான். கண் இருந்தால் போதாது, பார்க்கப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பெயர்தான் ஆய்வகப் படிப்பு.

பத்து அணா

மலேரியாவும் கொசு வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்ற மேன்சனின் ஊகத்தைச் சுமந்துகொண்டு 1895இல் ராஸ் செகந்திராபாத் திரும்பினார். இரண்டு ஆண்டுகள் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். எல்லாம் வீண். அவர் சோதித்த கொசு வகைகள் மனித மலேரியாவைச் சுமப்பவையே அல்ல என்பது அவருக்குத் தெரியாது. 1897இல் ஊட்டிக்கு அருகே சிகூர் பள்ளத்தாக்குக்கு மலேரியாவைத் தேடிப் போனார். அங்கே அந்த நோய் அவரையே பிடித்துக்கொண்டது.

அந்த ஆகஸ்டில் செகந்திராபாத்தில், இறக்கையில் புள்ளி போட்ட ஒரு வகைக் கொசு அவருக்குக் கிடைத்தது. இன்று அதை அனாஃபிலிஸ் என்கிறோம். ஹுசைன் கான் என்ற நோயாளியின் ரத்தத்தில் பிறை வடிவ மலேரியாக் கிருமிகள் இருந்தன. ஆகஸ்ட் 16 அன்று பத்துக் கொசுக்களை அவரைக் கடிக்க விட்டார் ராஸ். கொசுவுக்கு ஓர் அணா கூலி. ஹுசைன் கானுக்குக் கிடைத்தது பத்து அணா.

கடும் வெயில். விசிறி போட்டால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அதுவும் இல்லை. நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஆகஸ்ட் 20 அன்று மிச்சமிருந்த கொசுக்களில் ஒன்றை அறுத்தார். அதன் இரைப்பைச் சுவரில் வட்டமான சில செல்கள் தெரிந்தன. அவற்றுக்குள் கரும் துகள்கள். மனித ரத்தத்தில் சிவப்பணுவைத் தின்னும் மலேரியாக் கிருமி விட்டுவைக்கும் அதே கரும் துகள்கள். மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபோது அந்தச் செல்கள் இன்னும் பெரிதாக இருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்து அவரை மலேரியா குறைவான ஊருக்கு மாற்றினார்கள். 1898இல் கல்கத்தாவுக்கு வந்தார். ரத்தம் கொடுக்க மனிதர்கள் முன்வராத நேரம். பறவை மலேரியாவைக் கையில் எடுத்தார். முகம்மது பக்ஷ் என்ற உதவியாளர் கொசு பிடிப்பதிலும் வளர்ப்பதிலும் துணை நின்றார். ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்கள் கடித்த ஆரோக்கியமான குருவிகள் நோயுற்றன. மனித மலேரியாவில் இதே சுற்றை அந்த ஆண்டே இத்தாலியில் கிராஸியும் அவர் குழுவினரும் நிறுவினார்கள். யாருக்குப் பெருமை என்று கிராஸியுடன் ராஸ் நடத்திய சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பெரிய மனிதரிடமும் சிறிய குணங்கள் இருந்தன.

1899இல் இந்தியப் பணியை விட்டு லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவம் கற்பிக்கச் சென்றார். அங்கிருந்தபோதுதான் அந்தத் தடித்த பூச்சு. மெல்லிய பூச்சில் ரத்தம் பரந்து கிடப்பதால், கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். தடித்த பூச்சில் ஒரே இடத்தில் அதிக ரத்தம். சிவப்பு நிறத்தைத் தண்ணீரில் கரைத்து நீக்கிவிட்டால் கிருமி மட்டும் எஞ்சி நிற்கும். கிருமி உண்டா என்பதைத் தடித்த பூச்சு சொல்லும், எந்த வகை என்பதை மெல்லிய பூச்சு சொல்லும். வகை மாறினால் மருந்தும் மாறும். 1932 செப்டம்பர் 16 அன்று ராஸ் இறந்தார்.

புது ஆறு வந்த கதை

இதற்கும் நம் டெல்டாவுக்கும் என்ன தொடர்பு? ராஸ் இறந்த இரண்டாம் ஆண்டு, 1934இல், மேட்டூர் அணை முடிந்தது. கல்லணைக் கால்வாய், நம் மக்கள் சொல்லும் புது ஆறு, வறண்டு கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் தம் குழுவினருடன் பட்டுக்கோட்டையில் ஆராய்ந்தார். நோயைச் சுமக்கும் அனாஃபிலிஸ் கொசு, புதிதாக நட்ட வயலின் திறந்த தண்ணீரில் முட்டையிடுகிறது, பயிர் ஓரடி உயரம் வளர்ந்து நெருங்கிவிட்டால் அங்கே இடுவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மைகளில் ஒன்று. நடவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவு இப்படித்தான் தெரியவந்தது. அதற்கு அடிப்படை, கொசுவையும் ரத்தத்தையும் கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள்.

தீர விசாரிக்காமல் எதையும் நம்பக் கூடாது என்று நாம் மிம்பரில் பேசுகிறோம். வீட்டில் காய்ச்சல் வந்தால் மட்டும் ஊகத்துக்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். டெங்குவா, டைஃபாய்டா, மலேரியாவா, எலிக்காய்ச்சலா என்று உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் எப்போதும் முடியாது. உள்ளறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இல்லை என்று எழுதினால் இல்லை, உண்டு என்று எழுதினால் உண்டு. அவர் கவனம் தவறினால் ஓர் உயிர் தவறும். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்தத் தகப்பனார் அடுத்த முறை வரும்போது இதை அவரிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். உங்கள் மகள் இரண்டாம் தரப் படிப்பு எதையும் படிக்கவில்லை. படித்த மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் பார்த்தும் காணத் தவறிய ஒன்றைக் காண்பதற்கு அவள் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம்.